வீசம் அளவுக் கலப்பை

1938-ஆம் வருஷம் அக்டோபர் மாதம். அமெரிக்காவில் டியர்பார்ன் என்ற ஊரில், ஹென்றி ஃபோர்டின் வீட்டுத் தோட்டத்தில், இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு மேஜைக்கு இரு புறமும் உட்கார்ந்து பொம்மை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு வயது 75. அவர்தான் ஃபோர்டு, உலகத்தையே மோட்டாரில் ஏற்றிவிட்டவர். மற்றவருக்கு வயது 53. அவர் வட அயர்லாந்திலிருந்து கப்பல் ஏறி வந்த ஹாரி ஃபெர்குஸன். பொம்மை அவருடையது. சாவி கொடுத்தால் ஓடும் ஒரு சின்ன டிராக்டர். அதன் பின்னால் அதற்கேற்ற ஒரு சின்னக் கலப்பை.

குழந்தைகளுக்காகச் செய்த பொம்மையல்ல அது. ஆனாலும் அது செய்த காரியத்தைப் பார்த்தால், அந்த வருஷம் உலகத்தில் செய்யப்பட்ட பொம்மைகளிலெல்லாம் அதுவே கெட்டிக்காரப் பொம்மை என்று சொல்லத் தோன்றுகிறது. வயலில் நிஜ டிராக்டரை ஓட்டிக் காட்டிய பிறகும் ஃபோர்டுக்கு விளங்க வேண்டியது கொஞ்சம் பாக்கியிருந்தது. அதை மேஜைமேல் இருந்த அந்தச் சிறு கலப்பை விளக்கிவிட்டது. இருவரும் எழுந்து கை குலுக்கிக்கொண்டார்கள். வக்கீல் இல்லை, பத்திரம் இல்லை. ஃபெர்குஸன் யோசனையைத் தருவது, ஃபோர்டு டிராக்டரைச் செய்து தருவது, ஃபெர்குஸன் விற்பது. இவ்வளவுதான் பேச்சு.

அந்தச் சின்னக் கலப்பை என்னதான் சொல்லிற்று? அதைத் தெரிந்துகொள்ள அதற்கு முன் இருந்த சங்கடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபோர்டின் முதல் டிராக்டர் 1917-ல் வந்தது. ஃபோர்ட்ஸன் என்று பெயர். மாடு வண்டியை இழுப்பதுபோல் அது கலப்பையைச் சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போயிற்று. மாடு பூட்டிய கலப்பை ஒரு வேரிலோ பாறையிலோ சிக்கினால் மாடு நின்றுவிடும். உழுகிறவன் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுக் கலப்பையைத் தூக்கி அப்பால் வைப்பான். டிராக்டருக்கு நிற்கத் தெரியாது. கலப்பை மாட்டிக்கொண்டு பின் சக்கரம் உருள முடியாமல் போனால், சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக யந்திரம் தன் உடம்பையே சுற்றப் பார்க்கும். மூக்குத் தூக்கும். அப்படியே மல்லாந்து, ஓட்டுகிறவன் மேலேயே விழும். செத்தவர்கள் உண்டு.

ஃபெர்குஸன் மோட்டார் வியாபாரி. விமானம் பறக்கவிட்ட பைத்தியமும்கூட. 1909-ஆம் வருஷத்தின் கடைசி நாளன்று, தாமே செய்த விமானத்தில் அயர்லாந்தில் முதல்முதலாகப் பறந்தவர் அவர்தான். முதல் உலக யுத்த காலத்தில் உணவுப் பஞ்சம் வந்துவிடுமோ என்ற பயத்தில், டிராக்டர்களை ஒழுங்காக வேலை வாங்குவது எப்படி என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. ஊர் ஊராய்ப் போய்ப் பார்த்துவிட்டு அவர் கண்டுபிடித்தது இதுதான்: டிராக்டரிலும் பிசகில்லை, கலப்பையிலும் பிசகில்லை, இரண்டையும் சேர்க்கிற இடத்தில்தான் பிசகு. கலப்பை தனி, டிராக்டர் தனி என்று இருக்கக் கூடாது. இரண்டும் ஓர் உடம்பாக வேண்டும்.

இதற்காக அவர் மூன்று கைகள் வைத்தார். கீழே இரண்டு கை, மேலே நடுவில் ஒரு கை. கீழ்க் கைகள் கலப்பையை இழுக்கும். மேல் கை இழுப்பதில்லை, தள்ளுகிறது! மண் கலப்பையைத் தடுக்கத் தடுக்க, கலப்பையின் தலை முன்னால் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு மேல் கை வழியாக டிராக்டரை முன்னோக்கி அழுத்தும். தடை எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு டிராக்டரின் மூக்கும் கீழே அமுங்கும். எது ஆளைக் கொன்றதோ அதுவே ஆளைக் காப்பாற்றும் என்று ஆயிற்று. இதை வாயால் சொன்னால் நம்புவது கஷ்டம். எழுதினாலும் கஷ்டம்தான், இந்தப் பாராவை நான் மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு சின்ன டிராக்டரில் சின்னக் கலப்பையை மாட்டி, விரலால் கலப்பையைத் தடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஃபெர்குஸனுக்கு முன்பும் கலப்பையைச் சிறிதாகச் செய்து ஊருக்கு ஊர் அனுப்பிய ஒருவர் உண்டு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்ஸன்தான் அவர். மண்ணைப் புரட்டிப் போடும் பலகை எந்த வளைவில் இருந்தால் மாட்டுக்குச் சிரமம் குறையும் என்று 1788 முதல் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அரசியல் நேரம் போகத்தான்! வாளும் வாய்ச்சியும் பிடிக்கத் தெரிந்த எந்தக் கிராமத்துத் தச்சனும் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. 1798-ல் அதைப்பற்றி எழுதினார். மரத்தில் மாதிரிகள் செய்து கடல் கடந்தும் அனுப்பினார். காகிதத்தில் படம் அனுப்பினால் போதாது, கையில் பிடித்துத் தடவிப் பார்க்க ஒரு சாமான் வேண்டும் என்பது அந்த மேதைக்கும் தெரிந்திருக்கிறது.

கை குலுக்கின கதையின் முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. 1939-ல் டிராக்டர் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. ஃபோர்டு கண்ணை மூடும் முன்பே நிர்வாகம் பேரன் கைக்குப் போயிற்று. பேரனுக்குத் தாத்தாவின் வாய்ப்பேச்சு செல்லாக்காசாகத் தோன்றியது. 1948-ல் ஃபெர்குஸன் கோர்ட்டுக்குப் போனார். 1952-ல் 92½ லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ராஜியானார். அடுத்த வருஷமே தம் கம்பெனியைக் கனடாவின் மாஸி ஹாரிஸுடன் சேர்த்துவிட்டார். அதுதான் பிற்பாடு மாஸி ஃபெர்குஸன் ஆயிற்று. அந்தப் பெயரைச் சொன்னால் நம் பக்கத்து விவசாயிகளுக்கு முகவுரை வேண்டியதில்லை. 1960-ல் சென்னையில் மாஸி ஃபெர்குஸன் கூட்டுறவோடு டாஃபே கம்பெனி ஆரம்பமாயிற்று. ஃபெர்குஸன் காலமானதும் அந்த 1960-ல்தான்.

இப்படியாக டியர்பார்ன் மேஜைமேல் இருந்த மூன்று கைகள் சென்னைக்கு வந்து, மதுரை தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, இராஜபாளையத்துக்கும் வந்து சேர்ந்தன. இராஜபாளையத்துக்குத் தெற்கே, மலையைப் பார்த்தபடி இருக்கிறது சோழபுரம். கண்மாய்ப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உண்டு. நெல், பருத்தி, தென்னை எல்லாம் பார்க்கலாம். மழை விழுந்த மறுநாள் அந்தச் சாலையில் போனால் டிராக்டர்கள் வரிசையாகப் போகும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒன்பது கொத்துக் கலப்பை வாலைத் தூக்கிக்கொண்டிருக்கும். எந்தக் கம்பெனி டிராக்டராயிருந்தாலும் பின்னால் போய்ப் பாருங்கள்: கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. ஃபெர்குஸனின் உரிமைக் காலம் முடிந்த பின் உலகமே அதை எடுத்துக்கொண்டது.

என் பேரன் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது கடையில் ஒரு டிராக்டர் வாங்கி வந்தான். பிளாஸ்டிக்தான், ஆனால் சக்கரம், விளக்கு, புகைக் குழாய் எல்லாம் அச்சாக இருந்தன. பின்னால் மட்டும் ஒன்றுமில்லை, ஒரு கொக்கியைத் தவிர. "இது எதை வைச்சுத் தாத்தா உழும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கலப்பை இல்லாத டிராக்டர் சும்மா ஊரைச் சுற்றுகிற டிராக்டர். ஒன்பது கொத்துக் கலப்பை ஒன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, சோழபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தச்சாசாரியிடம் போனேன். அவருக்கு வயது எண்பதுக்கு மேல். ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் ஏர்க் கலப்பை செய்து கொடுத்தவர். அதற்குக் கூலி காசாக வராது. அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் நெல்லாக வரும்.

முதலில் அளவுப் பிரச்னை. நிஜ டிராக்டரின் பின் சக்கரம் ஏறக்குறைய நாலு அடி உயரம். பேரனுடையது மூன்று அங்குலம். பதினாறில் ஒரு பங்கு. மேல்நாட்டில் பண்ணைப் பொம்மை செய்கிறவர்களின் பிரசித்தமான அளவும் இதுதான் என்று படித்திருக்கிறேன். 1945-ல் அமெரிக்காவில் ஃப்ரெட் எர்ட்ல் என்ற வார்ப்புத் தொழிலாளி வேலைநிறுத்தத்தில் சும்மா இருந்தபோது, யுத்தத்தில் மிச்சப்பட்ட அலுமினிய பிஸ்டன்களை வீட்டு நிலவறையில் உருக்கிப் பொம்மை டிராக்டர் வார்த்தார். அந்தக் குடிசைத் தொழில் பெரிய கம்பெனியாகி, பதினாறில் ஒன்று என்ற அளவுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது. இதையெல்லாம் ஆசாரியிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, "வீசம்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

வீசம்! எத்தனை நாளாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு! முழுசில் பாதி அரை, அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி வீசம். அதாவது பதினாறில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறணா இருந்த காலத்தில் வீசம் என்பது பாட்டிமாருக்கும் தெரிந்த கணக்கு. 1957-ல் நயா பைசா வந்தது. வீசம் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியது. ஆசாரி வீட்டுத் திண்ணையில் மட்டும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது நம் தச்சர்களின் கணக்கு. ஓர் அடியை வீசமாக்கினால் முக்கால் அங்குலம், அதாவது ஆறு நூல். நிஜக் கலப்பையில் இரண்டு அங்குலம் இருப்பது இங்கே ஒரு நூல். காகிதம், பென்சில் ஒன்றும் வேண்டாம். வயலோரத்தில் நின்ற கலப்பையை ஆசாரி கையால் சாண் போட்டு அளந்தார். வாயால் நூல் கணக்கைச் சொன்னார். கொத்துக்குக் கொத்து ஒன்பது அங்குல இடைவெளி. நமக்கு நாலரை நூல். முதல் கொத்திலிருந்து கடைசிக் கொத்துவரை ஆறு அடி. நமக்கு நாலரை அங்குலம். கொத்தின் கம்பி ஓர் அங்குலக் கனம். நமக்கு அரை நூல். சைக்கிள் ஆரக்கால் அதைவிடச் சற்றுத்தான் தடிமன். ஆகவே ஒன்பது கொத்துக்கும் ஆரக்கால். கொத்தின் முனையில் மண்ணைக் கீறும் தகட்டுக்குப் பிஸ்கட் டப்பா. சட்டத்துக்கு இரண்டாக மடித்த தகரம்.

ஒன்பதும் ஒரே வரிசையில் இல்லை என்பதை, அளந்து பார்க்கும்வரை நான் கவனித்ததே கிடையாது. முன்னே நாலு, பின்னே ஐந்து. முன் வரிசை விட்ட இடைவெளியைப் பின் வரிசை கீறுகிறது. ஒரே வரிசையாயிருந்தால் வேரும் தட்டையும் கட்டியும் சிக்கி, கலப்பை சீப்பு மாதிரி ஆகிவிடும். வருஷக்கணக்காகப் பார்த்த சாமான்தான். ஆனால் பார்ப்பது வேறு, செய்வதற்காகப் பார்ப்பது வேறு.

சுருள்கள்தான் பிராணனை வாங்கின. ஒவ்வொரு கொத்துக்கும் இரண்டு சுருள். கல்லில் இடித்தால் கொத்து பின்னால் மடங்கி, தாண்டியதும் பழைய இடத்துக்கு வரவேண்டும் அல்லவா? பதினெட்டுச் சுருள். பேனாவிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேரன் ஒரு கைப்பிடி பேனாவோடு வந்தான். ஆசாரி ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேனாச் சுருள் அமுங்குகிற ஜாதி. கலப்பைச் சுருள் இழுபடுகிற ஜாதி. கடைசியில் வீணைக் கம்பி வாங்கி, ஓர் ஆணியில் நெருக்கமாகச் சுற்றினோம். பதினெட்டும் சுற்றி முடிக்க மூன்று சாயங்காலம் ஆயிற்று.

பிறகு மேல் கை. நிஜத்தில் இது நடுவில் திருகும் குழாய். ஒரு பக்கம் வலப் புரி, மறுபக்கம் இடப் புரி. குழாயை ஒரு திசையில் திருகினால் இரண்டு முனையும் சேர்ந்து உள்ளே வரும், மறு திசையில் திருகினால் சேர்ந்து வெளியே போகும். சைக்கிள் ஆரக்காலிலும் புரி இருக்கிறது. ஆனால் எல்லாம் வலப் புரி. இரண்டு ஆரக்காலை ஒரு குழாயில் மாட்டித் திருகினால் ஒரு பக்கம் உள்ளே வரும், மறு பக்கம் வெளியே போகும்; மொத்த நீளம் அப்படியே இருக்கும்! நீளம் மாறாமலே போகட்டும் என்று விட்டுவிட்டோம். உழவன் அதைத் திருகுவது கலப்பை மண்ணைப் பார்க்கும் கோணத்தைச் சரி செய்வதற்காக. நம் கலப்பைக்கு ஒரே கோணம், பேரன் ஆட்சேபிக்கவில்லை.

சின்ன உழவுக் கருவி செய்வது நம் தேசத்தில் புதிதல்ல. ஹரியானாவில் பனாவலி என்ற இடத்தில், சிந்துவெளி நாகரிக காலத்து ஊர் ஒன்றைத் தோண்டியபோது சுட்ட மண்ணில் செய்த கலப்பை ஒன்று கிடைத்தது. கையில் அடங்கும் சாமான். குழந்தை விளையாடியதோ, சாமிக்கு நேர்ந்துகொண்டு வைத்ததோ. ஆனால் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய மரக் கலப்பை ஒன்றுகூட மண்ணில் மிஞ்சவில்லை. மரம் மக்கிவிடும். அந்தக் கலப்பையின் வடிவம் நமக்குத் தெரிகிறது என்றால் அது இந்தப் பொம்மையால்தான். ராஜஸ்தானத்தில் காளிபங்கனில் அதற்கும் முந்தைய உழவுசால்கள் நிலத்திலேயே பதிந்து கிடந்தன. குறுக்கும் நெடுக்குமாக, ஒரு வாட்டத்தில் நெருக்கி, மறு வாட்டத்தில் அகட்டி உழுதது அப்படியே தெரிந்தது. வயல் ஓரிடத்தில், கலப்பை வேறிடத்தில், அதுவும் பொம்மையாக.

நம் தமிழ்ப் புலவர்களும் பொம்மைக்குக் கண் மூடியவர்களல்ல. தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறிப் போகாவிட்டாலும் கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகளைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று உவமையாக்குகிறது. பட்டினப்பாலையிலே குழந்தைகள் உருட்டும் மூன்று சக்கரத் தேர் வருகிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குப் பத்தாம் பருவமே சிறுதேர். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை ஊரே கூடி வடம் பிடித்து இழுக்கிறது. மறுநாள் தெருவில் பார்த்தால், பிள்ளைகள் நுங்குக் கூந்தலைச் சக்கரமாக்கித் தங்கள் தேரை இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் கலப்பை முடிந்தது. சிவப்புச் சாயம் பூசி, டிராக்டரின் கொக்கியை எடுத்துவிட்டு மூன்று கைகளையும் பொருத்தி, ஆசாரி வீட்டுக் கொல்லையில் ஈர மணலில் இழுத்துப் பார்த்தோம். உழவில்லை. மணலின் மேலே ஒன்பது கீறல் போட்டுக்கொண்டு சறுக்கிக்கொண்டு போயிற்று. பேரன் முகம் சுண்டிவிட்டது. குற்றம் எங்கள் வேலையில் இல்லை. நீளம் வீசமாகும்போது கனம் வீசமாவதில்லை. நீளத்தில் வீசம், அகலத்தில் வீசம், உயரத்தில் வீசம். மூன்றையும் பெருக்கினால் 4,096-ல் ஒரு பங்கு. நிஜக் கலப்பை 256 கிலோ என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் நம்முடையது 62½ கிராம். ஆனால் மணல்? அது மட்டும் முழு அளவு மணல். நெல்மணியளவு கல்லும் இந்தக் கலப்பைக்கு உருண்டைப் பாறை. கலப்பையை வீசமாக்கலாம், டிராக்டரை வீசமாக்கலாம். மண்ணை வீசமாக்க ஆண்டவனால்தான் ஆகும்.

டியர்பார்னிலும் இதே கதைதான் இருந்திருக்க வேண்டும். மேஜையில் மண் கிடையாது. மண்ணின் வேலையை விரல்தான் செய்யவேண்டும்.

பேரன் கலப்பையை விரலால் அமுக்கிக்கொண்டு இழுத்தான். உடனே ஒன்பது சால் விழுந்தது! அதைப் பார்த்த ஆசாரி, "அதான்! மேழி வேணும்லா" என்றார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பெரிய டிராக்டர்லே ஆழத்தை எப்பிடிக் கண்டுக்கிடுதான்? மேழியைப் பிடிச்சாத்தானே கைக்குத் தெரியும்?"

ஃபெர்குஸன் இருபது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. ஏர் உழுகிறவன் கை மேழியில் சும்மா இருப்பதில்லை. இளகின மண் வந்தால் கை அறியும். கெட்டி மண் வந்தால் மாடு திணறுவதற்கு முன்பே கை அறியும். ஒரு நூல் அழுத்தும், ஒரு நூல் தூக்கும். அவன் யோசித்துச் செய்வதல்ல அது. டிராக்டர் ஓட்டுகிறவன் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அவன் கை கலப்பையில் இல்லை. ஆகவே ஃபெர்குஸன் அந்த மேல் கையின் அடியில் ஒரு சுருளை வைத்தார். மண் கெட்டியாகித் தள்ளுதல் அதிகமானால் சுருள் அமுங்கும். அமுங்கினால் எண்ணெய்க் குழாயின் அடைப்புத் திறந்து கலப்பை கொஞ்சம் மேலே வரும். மண் இளகினால் கீழே இறங்கும். 1920-களில் உரிமை வாங்கிய இந்த யோசனைக்கு மேல்நாட்டுப் புத்தகங்களில் நீளமான பெயர் இருக்கிறது. ஆசாரி ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டார். மேழிதான் அது. இரும்பில் செய்த மேழி.

நான் விளக்கிச் சொன்னதை அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்று ஃபெர்குஸனுக்குச் சர்டிபிகேட் கொடுத்தார். பிறகு உள்ளே போய், பழைய சாக்கு ஒன்றில் சுற்றி வைத்திருந்த எதையோ எடுத்து வந்தார். பிரித்தால், கருவேல மரத்தில் இரண்டு சின்ன ஏர்க் கலப்பைகள். ஏர்க்கால், மேழி, நுகத்தடி எல்லாம் வீசம் அளவில். சுவரில் ஒரு பலகைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அடிக்கட்டைக்கும் ஏர்க்காலுக்கும் நடுவே இருக்கவேண்டிய கோணத்துக்கு அவர் அப்பா வெட்டி வைத்த அளவுச் சட்டமாம். அதை எடுத்துக் கலப்பைமேல் பொருத்திக் காட்டினார். கோணத்துக்கு வீசம் கிடையாதே! பெரிய கலப்பைக்கு வெட்டிய சட்டம் சின்னக் கலப்பையில் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. வட்டாரத்தில் ஏர்க் கலப்பைக்கு ஆள் வந்து பல வருஷம் ஆகிறது. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, கோணம் மறந்துவிடக் கூடாது என்று செய்து வைத்தாராம்.

இரண்டு கலப்பைக்கும் கொழு இல்லை. முனை மொட்டையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கொழு கொல்லாசாரி வேலை அண்ணாச்சி" என்றார். "அவன் பட்டறையை மூடிட்டுத் திருப்பூருக்குப் போயி பதினஞ்சு வருஷமாச்சு."